அத்திப்பட்டில் கூட்ஸ் வண்டி பார்க்கும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு நாளாவது காலையில் கிளம்பி, சென்னைக்கு வடக்கே கூடூர் போகும் பாதையில் அத்திப்பட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்காலம் வரை சரக்கு வண்டி பார்ப்பதுதான் வேலை. வீட்டில், டீக்கடையில், பிளாட்பாரத்தில் பக்கத்தில் வந்து உட்காருபவர்களிடம் என்று எங்கேயும் அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கூட்ஸ் வண்டில பார்க்க என்ன சார் இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதானே போகுது?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நிலக்கரி வண்டி, பெட்ரோல் டாங்கர், கன்டெய்னர், புது கார் ஏற்றிய கூண்டு வண்டி, இரும்புச் சுருள், அரிசி, கோதுமை, உரம், சிமென்ட் என்று ஒவ்வொன்றாக வரும். நம் வீட்டு அடுப்பும் விளக்கும் எதை நம்பி எரிகின்றன என்பது கண் முன்னால் ஓடும். பயணிகள் வண்டியில் இதெல்லாம் தெரியாது.

ஒரு மழைக்காலக் காலையில் லூப் லைனில், அதாவது வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையில், மூடிய வேகன் வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் கதவு இடுக்கில் சிந்திக் கிடந்த கோதுமை ஈரத்தில் முளைத்து, விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேல் என்று நின்றது. எந்த ஊரில் ஏற்றிய மூட்டையோ! வண்டி கிளம்பியபோது அந்த நாற்று காற்றில் படுத்து ஆடிக்கொண்டே போனது. அன்று முதல் எனக்கு எந்த வேகனும் ஒரே மாதிரி தெரிவதில்லை.

இத்தனை இடம் இருக்க, ஏன் அத்திப்பட்டு?

சென்னையிலிருந்து ஹவுரா பக்கமும் டெல்லி பக்கமும் போகும் வண்டிகள் எல்லாம் இந்தப் பாதையில்தான் வரும். அதோடு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கான தடமும் இங்கேதான் பிரிகிறது. அந்தத் துறைமுகம் 2001இல் திறந்தது, முதலில் நிலக்கரிக்காகவே கட்டியது. சென்னைப் பக்கமிருந்து அத்திப்பட்டு வரை நான்கு பாதை, அதற்கு வடக்கே இரண்டுதான். நான்கில் வந்தது இரண்டில் நுழைய வேண்டியிருப்பதால் சரக்கு வண்டிகள் இங்கே காத்து நிற்கும். நிற்கும் வண்டியைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே நாளில் மூன்று ஊர் சுற்றாதீர்கள். ஊர் மாறிக்கொண்டிருந்தால் பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். ஓர் இடத்தின் சிக்னலும் வளைவும் பழகிய பிறகுதான் அங்கே நடப்பது புரியத் தொடங்கும்.

எத்தனை மணிக்குப் போகணும்? டைம்டேபிள் ஏதாவது இருக்கா?

சரக்கு வண்டிக்குப் பொதுமக்கள் பார்க்கிற கால அட்டவணை கிடையாது. ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகளிலும் பயணிகள் வண்டி மட்டும்தான் வரும். சரக்கு ஏற்றியவர்களுக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அது நமக்கில்லை.

ஆனாலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. காலை எட்டு முதல் பத்து வரை ஆபீஸ் நேரம், புறநகர் வண்டிகள் நெருக்கமாக ஓடும், கூட்ஸ் ஒதுங்கி நிற்கும். நெரிசல் தணிந்ததும் நிறுத்தி வைத்திருந்ததை வரிசையாக விடுவார்கள். பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை எனக்கு எப்போதும் கை நிறைய வேலைதான். மதியம் சில நாள் தண்டவாளப் பராமரிப்புக்காகப் பாதையை மூடுவார்கள், அப்போது ஒன்றுமே வராது. அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன்ல சும்மா உட்கார்ந்திருந்தா பிடிக்க மாட்டாங்களா?

டிக்கெட் இல்லாமல் இருந்தால் பிடிப்பார்கள், அது நியாயமும்கூட. பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும், முடிந்ததும் புதிது வாங்கிவிடுங்கள். போனவுடன் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, "வண்டி பார்க்க வந்திருக்கிறேன் சார், பிளாட்பாரத்தில்தான் இருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். படம் எடுக்கலாமா என்றும் அப்போதே கேட்பேன். வேண்டாம் என்றால் கேமரா பையிலேயே இருக்கும், நோட்டுப் புத்தகம் போதும்.

தண்டவாளத்தில் இறங்கி நடப்பது, யார்டுக்குள் போவது இரண்டும் குற்றம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. துறைமுகப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

வண்டி வரப்போறது உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?

சிக்னலைப் பார்த்துத்தான். சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்ததும் மஞ்சளாக இருக்கலாம், கவனமாகப் போ. பச்சை என்றால் போகலாம். ஸ்டேஷன் முனையில் சிவப்பாகவே இருந்த சிக்னல் சட்டென்று பச்சைக்கு மாறினால் யாருக்கோ வழி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புறநகர் வண்டி வரும் நேரம் இல்லையென்றால் நோட்டைத் திறந்துவிடுவேன்.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது ஒரு விஷயத்தில்தான். கம்பத்தில் 'ஏ' என்று எழுதிய வட்டப் பலகை இருந்தால் அது தானியங்கி சிக்னல். முன்னால் பாதை காலியாக இருந்தால் வண்டி வராவிட்டாலும் பச்சையாகவே இருக்கும், வண்டி கடந்த பிறகுதான் சிவப்பாகும். அதில் பச்சையைப் பார்த்துக் காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். சிவப்பு ஒவ்வொன்றாக மஞ்சளாகி, இரட்டை மஞ்சளாகிப் பச்சைக்குத் திரும்புவதைப் பார்த்தால், சற்று முன் போன வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லலாம்.

மாமா, இன்ஜின்ல டபிள்யூஏஜி-9னு எழுதியிருக்கே, அப்படின்னா?

டபிள்யூ என்பது அகலப் பாதை, அதாவது 1676 மில்லிமீட்டர் அகலம். ஏ என்பது மாறுதிசை மின்சாரம். ஜி என்பது கூட்ஸ். கடைசி எண் எந்த ரகம் என்பது. ஜி இருக்கும் இடத்தில் பி வந்தால் பயணிகள் வண்டி இன்ஜின், ஏ இருக்கும் இடத்தில் டி வந்தால் டீசல். இது தெரிந்தால் பாதி இன்ஜின்களைப் படித்துவிடலாம்.

இங்கே அதிகம் வருவது டபிள்யூஏஜி-7உம் 9உம்தான். 7 சுமார் 5000 குதிரைத்திறன், 9 ஆறாயிரத்துக்குச் சற்று மேல். எக்ஸ்பிரஸ் இழுக்கும் டபிள்யூஏபி-7கூட இந்த 9இலிருந்து வந்ததுதான், பல்சக்கர விகிதத்தை மாற்றி வேகத்துக்கு ஏற்றபடி செய்தார்கள். இன்ஜினின் பக்கவாட்டில் அதன் சொந்த ஷெட், அதாவது அதைப் பராமரிக்கும் பணிமனையின் பெயர் இருக்கும். அரக்கோணம், ஈரோடு, விஜயவாடா, லாலாகுடா, நாக்பூரின் அஜ்னி, ஜார்க்கண்டின் கோமோ என்று படிக்கப் படிக்க வரைபடம் மனதில் விரியும். கோமோ இன்ஜின் ஒன்று எண்ணூர்க் காற்றில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் மனது துள்ளும்.

கண்ணை மூடிக்கிட்டே எந்த இன்ஜின்னு சொல்ல முடியுமா?

நகரத் தொடங்கும் நேரமாக இருந்தால் பெரும்பாலும் முடியும். பழைய தயாரிப்பு 9 கிளம்பும்போது அதன் ஓசை ஆர்மோனியத்தில் ஸ்வரம் ஏறுவது போலப் படிப்படியாக ஏறும். புதிய மின்னணுக் கருவி பொருத்தியவற்றில் அந்த ஏற்றம் அவ்வளவாக இல்லை, சன்னமான ரீங்காரம்தான். 7இல் காற்றாடிகளின் இரைச்சல்தான் முதலில் வரும். கிட்டே இருந்தால் ஓட்டுநர் வேகம் கூட்டும்போது உள்ளே 'டப் டப்' என்று ஒலிப்பதும் கேட்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்ஜினுக்குப் பின்னால் வரும் சத்தம். நின்ற வண்டி கிளம்பும்போது கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகும். முன்னாலிருந்து 'தட்... தட்... தட்' என்று தொடங்கி, உங்களைத் தாண்டி, கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடும். இன்ஜின் நகர்ந்த பிறகும் கடைசிப் பெட்டி ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகவே பிளாட்பாரத்தின் பின் கோடியில் போய் நிற்பேன்.

பெட்டிகளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

மேலே திறந்து, உயரமான இரும்புச் சுவரோடு இருந்தால் பாக்ஸ்என். நிலக்கரி, தாது, ஜல்லி எல்லாம் இதில்தான். கூரையும் பக்கக் கதவும் இருந்தால் பிசிஎன். மூட்டை வருவதெல்லாம் இதில். உருளைத் தொட்டி என்றால் பிடிபிஎன், பெட்ரோலும் டீசலும். தரையோடு தாழ்ந்த தட்டில் கன்டெய்னர் இருந்தால் பிஎல்சி, ஐந்தைந்து தட்டுகளாகப் பிணைத்திருப்பார்கள். ஜன்னலை அடைத்த பழைய பயணிகள் பெட்டி போல இருந்தால் என்எம்ஜி, உண்மையிலேயே பழைய பயணிகள் பெட்டியைக் கார் ஏற்ற மாற்றியதுதான் அது.

பாக்ஸ்என் மாதிரியே தெரிந்து, அடிப்பாகம் புனல் போலக் குறுகினால் அது பிஓபிஆர்என். அடிக்கதவு திறந்து நிலக்கரி கீழே கொட்டும். பாக்ஸ்என்னை அப்படிக் காலி செய்ய முடியாது. வேகனையே கவ்விப் பிடித்துக் கவிழ்க்கும் இயந்திரம் அனல் மின் நிலையங்களில் இருக்கிறது.

அதுல பதினோரு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கே, அது எதுக்கு?

அதுதான் வேகனின் ஜாதகம். முதல் இரண்டு இலக்கம் வகை. 10 முதல் 29 வரை திறந்த வேகன், 30களில் மூடியது, 40 முதல் 54 வரை தொட்டி. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு செய்த ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனின் தனி எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

உதாரணத்துக்கு நானே ஒன்று எழுதுகிறேன்: 12 06 15 3047 1. திறந்த வேகன், தெற்கு ரயில்வே, 2015இல் செய்தது. இரட்டை இடங்களில் உள்ள 2, 6, 5, 0, 7ஐக் கூட்டினால் 20, அதை மூன்றால் பெருக்கினால் 60. ஒற்றை இடங்களில் உள்ள 1, 0, 1, 3, 4ஐக் கூட்டினால் 9. மொத்தம் 69. அடுத்த பத்தின் மடங்கு 70க்கு இன்னும் 1 வேண்டும், அதுதான் கடைசி இலக்கம். அவசரத்தில் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேனா என்று சாயங்காலம் இப்படித்தான் சரிபார்ப்பேன்.

மின் நிலையம் இங்கேயே இருக்கு, அப்புறம் ஏன் நிலக்கரி வண்டி சென்னைப் பக்கம் போகுது?

நல்ல கேள்வி. உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள். ஒடிசா நிலக்கரி பாரதீப் போன்ற துறைமுகங்களில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. வட சென்னை அனல் மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அதற்குக் கன்வேயர் பெல்ட்டிலேயே போய்விடும். ரயிலில் ஏறுவது உள்நாட்டில் இருக்கும் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு. அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம் வழியாகப் போகிறது.

ஒரு ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த முழு வேகன் வரிசையில், சுமார் 4000 டன் இருக்கும். மேட்டூரின் மொத்தத் திறன் 1440 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், முழுத் திறனில் ஓடும்போது மணிக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். அப்படியானால் நம் கண் முன்னால் அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டு போகும் அந்த முழு வண்டியும் அங்கே நான்கு மணி நேரத்துக்குக்கூட முழுசாக வராது. இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து நிலக்கரி வண்டி தாமதமாக நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

லோடா, காலியான்னு எப்படித் தெரியும்?

சத்தம்தான். காலி பாக்ஸ்என் தகரக் கொட்டகையில் கல்மழை பெய்வது போலக் கடகடக்கும். லோடு வண்டி தாழ்ந்த குரலில் திம் திம் என்று போகும், பிளாட்பாரம் காலுக்கடியில் அதிரும். பார்த்துச் சொல்ல வேண்டுமானால் சக்கரங்களுக்கு நடுவே உள்ள சுருள்வில்லைப் பாருங்கள். லோடு என்றால் நன்றாக அமுங்கியிருக்கும்.

எவ்வளவு வேகத்துல போகுதுன்னு அந்த இடத்துலயே சொல்ல முடியுமா தம்பி?

பாக்ஸ்என் வண்டி என்றால் முடியும். ஒரு வேகன் கொக்கிக்குக் கொக்கி சுமார் 10.7 மீட்டர். அதனால் 19 வினாடியில் எத்தனை வேகன் கடக்கிறது என்று எண்ணி இரட்டித்தால் அதுவே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. முப்பது வேகன் கடந்தால் அறுபது. மற்ற வகைகளுக்கு நீளம் வேறு, இந்தக் கணக்கு செல்லாது.

கடைசில கார்டு பெட்டியே இல்லாம ஒரு வண்டி போச்சே, கழண்டு விழுந்துடுச்சா?

பயப்பட வேண்டாம். வண்டியின் கடைசியில் 'எல்வி' என்ற பலகை இருக்கும், 'இதுதான் கடைசிப் பெட்டி' என்று அர்த்தம். இரவில் சிவப்பு விளக்கு. ஸ்டேஷனில் பச்சைக் கொடியோடு நிற்பவர் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். அது இல்லாமல் வண்டி போனால் பின்னால் சில வேகன்கள் பாதையிலேயே அறுந்து நிற்கின்றனவோ என்று உடனே விசாரிப்பார்கள். சில வண்டிகளில் கார்டு பெட்டிக்குப் பதிலாகக் கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டி, பிரேக் குழாயின் காற்றழுத்தத்தை இன்ஜினுக்குத் தெரிவிக்கிறார்கள். கார்டு என்ற பெயரும் 2022 ஜனவரியில் டிரெயின் மேனேஜர் என்று மாறிவிட்டது. பிளாட்பாரத்தில் எல்லாரும் இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறோம்.

கன்டெய்னர் மேல கன்டெய்னர் வெச்சுப் போறதை வீடியோல பார்த்தேன், இங்க ஏன் வரலை?

மேலே ஓடும் கம்பிதான் காரணம். நம் பாதைகளில் அது சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரண்டு அடுக்குக்கு இடமில்லை. டெல்லிக்குப் பக்கத்து தாத்ரியிலிருந்து மும்பைக்குப் பக்கத்து ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்குப் போகும் மேற்குச் சரக்குத் தடத்தில் கம்பியை ஏழு மீட்டருக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அங்கே மின்சார இன்ஜினே இரண்டடுக்கை இழுக்கிறது.

நடுவுல ஒரு இன்ஜின் ஓடுச்சே, அது தப்பா?

இல்லை, இரண்டு முழு ரேக்கை ஒன்றாகக் கோத்து ஒரே வண்டியாக ஓட்டுகிறார்கள். பாதையில் ஓர் இடம் மிச்சமாகும். 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரில் ஐந்து ரேக்கைக் கோத்து 295 வேகன்களோடு 'சூப்பர் வாசுகி' என்ற வண்டியை ஓட்டினார்கள், நீளம் மூன்றரை கிலோமீட்டர். நம் பக்கம் அவ்வளவு நீளமானவற்றை ஒதுக்கி நிறுத்த லூப் கிடையாது.

பசங்களைக் கூட்டிட்டு வரலாமா? என்னென்ன எடுத்துட்டு வரணும்?

தாராளமாக. தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், தயிர் சாதம், நோட்டு, இரண்டு பேனா. எண்ணூர்க் காற்றில் கரித்தூள் இருக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் சுகமானவை. சித்திரையில் சின்னப் பிள்ளைகளை அழைத்து வராதீர்கள்.

பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னாலேயே நில்லுங்கள், குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். காதில் ஹெட்போன் கூடாது. தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட், நடைமேம்பாலத்திலிருந்து செல்ஃபி குச்சியை நீட்டவே கூடாது. நான் புதிதாக வந்த காலத்தில், லோடு வண்டி ஒன்று இரைச்சலோடு கடக்க, அதையே பார்த்தபடி பின்னால் நகர்ந்து பிளாட்பாரத்தின் மறு ஓரத்துக்கே போய்விட்டேன். அந்தப் பக்கம் வந்த எக்ஸ்பிரஸ்ஸின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ஒரு டிராக்மேன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஒரு வண்டியின் சத்தம் இன்னொன்றை முழுசாக மறைத்துவிடும். அதை அவர் எனக்குச் சொன்ன குரல் இன்னும் நினைவிருக்கிறது.

இவ்வளவும் எழுதி வெச்சு என்னதான் பண்ணுவீங்க?

நேரம், திசை, இன்ஜின் எண், ஷெட், வேகன் வகை, எத்தனை வேகன், லோடா காலியா, இவ்வளவுதான் ஒரு வரி. ஒவ்வொரு வண்டியிலும் முடிந்தால் ஒரே ஒரு வேகனின் எண்ணையும் மேலே சொன்னபடி குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் எதுவும் ஒத்துவராது.

ஒரே ஒரு முறை ஒத்துவந்தது. இடது மூலை உள்வாங்கி, கதவுக்கருகில் கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்த ஒரு பாக்ஸ்என்னை ஒரு தை மாதம் குறித்திருந்தேன். அடுத்த ஆண்டு பங்குனியில் வந்த நிலக்கரி வண்டியில், முன்னாலிருந்து இருபத்திரண்டாவது வேகனில் அதே பதினோரு இலக்கம். புதுப் பெயின்ட் அடித்து, பழுதுபார்த்த தேதியும் புதிதாக எழுதியிருந்தது. மூலையிலிருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.